நாலாவது பாட்டுக்கு மார்க்

முதல் மூன்று பாட்டுகளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நாலாவது பாட்டைக் கேட்டுவிட்டு அவர் என்ன சொல்கிறாரோ, அதை வைத்துத்தான் நான் இந்த வீட்டில் இருப்பதா, தம்பி வீட்டுக்குக் கிளம்புவதா என்பது.

இது அவருக்குத் தெரியாது. எனக்கும் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும்.

என் கணவருக்கு வேலையே பாட்டுக்கு மார்க் போடுவது. அதுவும் டெத்கோர் என்கிற இரைச்சல் ரகத்துக்கு. கிட்டார் சுருதியைப் பாதாளம் வரை இறக்கிவிடுவார்கள், டிரம்ஸை அடித்து நொறுக்குவார்கள், பாடுகிறவன் பாடாமல் தொண்டை கிழிய உறுமுவான். கல்யாணமான புதிதில், மிக்ஸிக்குள் கரண்டி விழுந்துவிட்டது என்று நினைத்து அடுப்படிக்கு ஓடியிருக்கிறேன்.

இந்தக் கூத்துக்கும் ஒரு கணக்கு உண்டாம். புதுமைக்குத் தனி மார்க், வாசிப்புக்குத் தனி, ஒலிப்பதிவுக்குத் தனி. அவர் எழுதுவதைப் படிக்க ஒரு கூட்டமே காத்துக்கிடக்கிறது. அவருக்குப் பாம்புச் செவி என்பார்கள். எந்தப் பாடகனாக இருந்தாலும், அவன் மூச்சை இழுக்கும்போதே யாரென்று சொல்லிவிடுவார்.

அதை நம்பித்தான் நாங்கள் இதில் இறங்கினோம்.

இன்று அவர் கேட்கப்போவது என் தம்பி குழுவின் முதல் ஆல்பம். "மச்சினனாச்சேன்னு அரை மார்க்கூட சேத்துப் போட மாட்டேன், அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது" என்று காலையிலேயே சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வெளியில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மாப்பிள்ளை என்று என் அம்மாவுக்குப் பெருமை தாங்காது.

அவர் அறைச் சுவரெல்லாம் தடித் தடியாகப் பஞ்சு ஒட்டியிருக்கிறது. கதவைச் சாத்தினால் உள்ளே இடியே விழுந்தாலும் வெளியே கேட்காது. உங்க வீட்டில் ஆள் இருக்கிற அரவமே இல்லையே என்று எதிர்வீட்டு அக்கா மெச்சிக்கொள்வாள்.

டீ கொடுக்கிற சாக்கில் உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

முதல் பாட்டுக்கு, அரைத்த மாவையே அரைத்திருக்கிறார்கள் என்றார். இரண்டாவதில் டிரம்ஸ்காரனுக்குக் கால் பின்தங்குகிறது, பிறகு கம்ப்யூட்டரில் இழுத்துச் சரிசெய்திருக்கிறார்கள் என்றார். மூன்றாவதில் தம்பியின் கிட்டார் வந்ததும் புருவத்தைத் தூக்கி, பரவாயில்லையே என்று தலையாட்டினார். வேறொரு நாளாக இருந்தால் அந்தத் தலையாட்டலுக்கே நான் குதித்திருப்பேன்.

நாலாவது தொடங்கியது.

அதில் ஓரிடத்தில் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றுவிடும். ஒரு ஆள் மூச்சை உள்ளே இழுப்பது கேட்கும். பிறகு ஒரு கத்தல். வார்த்தை ஒன்றும் இல்லை, வெறும் கத்தல்தான்.

அவர் நிறுத்தினார். பாட்டைப் பின்னால் தள்ளி, கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கேட்டார்.

கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன். கண்டுபிடித்தால் போதும். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டாம், தலையைக் குனிந்தால்கூடப் போதும். நான் இருந்துவிடுவேன். சத்தியமாக இருந்துவிடுவேன்.

"சுத்த ஏமாத்து. எந்த மனுஷனும் இப்படிக் கத்த மாட்டான். கம்ப்யூட்டர்ல செஞ்சு ஒட்டியிருக்கானுங்க."

புதுமைக்கு நேராக ஒரு முட்டை போட்டார்.

அவர் இன்னொரு தடவை ஓட்டினார். பாம்புச் செவி சும்மா இருக்குமா? நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இரு இரு. அடியில ஒரு பொம்பளக் குரல் இருந்திருக்கு. அழிச்சிருக்கான், ஆனா சரியா அழிக்கல. ஒரு விசும்பல் ஒட்டிக்கிட்டு நிக்குது பாரு."

ஒலிப்பதிவிலும் மார்க் போயிற்று.

அந்தக் கத்தலில் தம்பி கையே வைக்கவில்லை. போன மாதம் இதே அறையில், கதவைச் சாத்திவிட்டு, என் முகத்துக்கு நேரே அவர் கத்தியது அது. அதற்கு முன் எத்தனையோ தடவை அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறேன். தங்கமான மனுஷன்மேல் பழி போடாதே என்றாள். அதனால்தான் அன்றைக்குப் போனைக் கைக்குள் மறைத்துப் பதிவு செய்தேன். தம்பி ஒருவன்தான் முழுதாகக் கேட்டான். பிறகு, அவர் காதாலேயே அவர் கேட்கட்டும் அக்கா, அப்போதாவது உறைக்கிறதா பார்ப்போம் என்றான்.

அதிலிருந்து அவன் அழித்தது என் அழுகையை மட்டும்தான்.

"உன் தம்பிகிட்டச் சொல்லிடு," என்றார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்தப் பொம்பளக் குரல முழுசா எடுக்கச் சொல்லு. காதுல உறுத்துது."

"நேர்லயே போய்ச் சொல்லிடறேங்க" என்றேன்.

அவர் அதற்குள் ஐந்தாவது பாட்டுக்குப் போயிருந்தார். நான் அடுத்த அறைக்குப் போய், பீரோவைத் திறந்து, என் துணிகளை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தேன்.