பதினோரு பல்

மறுசுழற்சிக்கு ஆகாத குப்பையை, அதைத் தயாரித்த கம்பெனிக்கே திருப்பி அனுப்பும் சட்டம் வந்து ஆறு மாதம். கொருக்குப்பேட்டைக் கூடத்தில் குப்பை பிரிக்கும் செங்கமலத்தின் முன்னால், வீடுகளிலிருந்து வந்த ஷாம்பு பாக்கெட்டுகள் மலையாகக் குவிந்திருந்தன. 'தயாரிப்பாளர் தெரியவில்லை' என்று, பாக்கெட்டில் அச்சிட்ட பெயரைப் படிக்கும் கருவி கைவிரித்துவிட்டது.

"பேரே அழிஞ்சிடுச்சு. எங்களுதுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று சிரித்தார், செங்கமலம் சொல்லி வரவழைக்கப்பட்ட ஷாம்பு கம்பெனி மேலாளர்.

செங்கமலம் ஒரு பாக்கெட்டின் ஓரத்தை நகத்தால் நெருடினாள். "இருபது வருசமா பிரிக்கிறேன் சார். ஓரத்துல ரம்பம் மாதிரி பதினோரு பல்லு வெட்டுறது நீங்க மட்டும்தான். எண்ணிப் பாருங்க."

மேலாளர் தம் பையிலிருந்த புதுப் பாக்கெட்டை எடுத்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார். சிரிப்பு போய்விட்டது.

பதினேழு லாரிகள் நிரம்பின.

"இவ்வளவையும் நாங்க எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"அதத்தான் சார் நாங்களும் இத்தினி வருசமா கேட்டுக்கினு இருந்தோம்" என்றபடி, செங்கமலம் முதல் லாரியைக் கிளம்பச் சொல்லிக் கையசைத்தாள்.