ஈரமடி

பெரியபாளையம் தாண்டியதும் பஸ் கண்ணாடியில் முதல் துளி விழுந்தது. மிருதுளா ஜன்னல் வழியே வானத்தை எட்டிப் பார்த்தாள்.

திருவள்ளூரில், அவள் வீட்டு மொட்டை மாடியில், நரிப் பீ காய்ந்துகொண்டிருந்தது.

கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அவளுக்குப் படிப்பே அதில்தான் இருந்தது. பல்கலைக்கழகத்தில் வனவிலங்கு மேலாண்மை படிக்கிறாள். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருக்கும் புதர்க்காட்டில் நரிகள் எதைத் தின்று பிழைக்கின்றன என்பது ஆய்வு. எச்சத்தைப் பொறுக்கிவந்து, வெயிலில் காயவைத்து, சல்லடையில் போட்டு அலசினால் தின்ற பிராணிகளின் ரோமமும் எலும்பும் மிஞ்சும். சில சமயம் பிஸ்கட் உறையும் மிஞ்சும்.

பேசாமல் முதுமலைக்குப் போ என்று கூடப் படிப்பவர்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். முதுமலைக்குப் போக ஆள் இருக்கிறது, இந்த நரிகளுக்கு யார் இருக்கிறார்கள் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள்.

இன்று காலை போனபோது புதர்க்காட்டையே காணோம். ஜேசிபி மண்ணை நிரவிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் லோகு வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா பொறுக்கினுகீற? நரி பீயா? சீக்கிரம் எட்த்துக்கினு போம்மா, அந்த மூலையும் இப்ப காலி."

இரண்டு கிடைத்தன. இனி அவளிடம் இருப்பது இந்த இரண்டும், மாடியில் காய்வதும்தான். மழையில் கரைந்து ஒன்றோடொன்று கலந்துவிட்டால் எது எந்த இடத்தில் எடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மறுபடி பொறுக்கலாம் என்றால் காடு இல்லை.

அம்மாவுக்கு போன் செய்து எடுத்து வைக்கச் சொல்லலாம்தான். ஆனால் இன்று தாத்தாவின் திவசம். அம்மா கோதைநாயகி விடியற்காலையிலேயே குளித்து, யாரும் தொடாத மடிப் புடவை உடுத்தி, தளிகை சமைக்க உட்கார்ந்திருப்பாள். பெற்ற பெண் மேலே பட்டாலே திரும்பக் குளிக்க வேண்டிய நாள். அன்றைக்குப் போய் நரிப் பீயைத் தொடச் சொல்வதா?

அதுவும் காலையில் கிளம்பும்போதே அம்மாவிடம் பாட்டு விழுந்திருந்தது.

"திவசமும் அதுவுமா அந்த அசிங்கத்தைப் பொறுக்கப் போறியா? மாடியில இருக்கறதை ஒருநாள் வாரிக் குப்பையில கொட்டறேனா இல்லையா பாரு."

பஸ்ஸை விட்டு இறங்கும்போது மழை கொட்டியது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

வாசலில் அப்பா ஸம்பத்குமார் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார். கோயில் கைங்கர்யத்தில் ஒரு நாளும் நேரம் தவறாதவர். கூடத்தில் திவசத்துக்கு வந்த ஸ்வாமிகள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்கம்மா கொல்லைப்பக்கம் போனாளாம், தலையில காக்கா எச்சம் போட்டுடுத்தாம். மறுபடி தீர்த்தமாடிட்டு இப்பதான் தளிகையில கை வைக்கிறா. எல்லாம் நாழியாயிடுத்து."

மிருதுளா அதைக் காதில் வாங்காமல் மாடிக்கு ஓடினாள்.

மாடி துடைத்துவிட்டதுபோல் இருந்தது. விரித்து வைத்த செய்தித்தாள்கள் இல்லை. இடத்தின் பெயர் எழுதி வைத்த சீட்டுகள் இல்லை. தண்ணீர் மட்டும் குழாய் வழியே கீழே போய்க்கொண்டிருந்தது.

சொன்னபடி அம்மா கொட்டிவிட்டாள்.

தோள்பையைத் தொட்டுப் பார்த்தாள். பையில் இரண்டு இருக்கிறது. காட்டை நிரவினார்களே தவிர நரிகளை நிரவவில்லை. எங்கேயாவது போயிருக்கும். கவரைப்பேட்டைப் பக்கம் தேடலாம், ஏரிக்கரையில் தேடலாம். ஒரு வருஷம் தள்ளிப்போனால் போகட்டும். படிப்பை விடுவதில்லை. இதை இப்போதே அம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும்.

தடதடவென்று இறங்கி அடுக்களை வாசலில் நின்றாள்.

அம்மா அடுப்பின் முன்னால் நின்றிருந்தாள். மாற்று மடிப் புடவை இல்லை போலிருக்கிறது. நனைந்த மடிசாரோடு, ஈரமடியாகவே தளிகை செய்துகொண்டிருந்தாள். கூந்தல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டி, காலடியில் குளம் கட்டியிருந்தது. உதடு லேசாக நடுங்கியது.

மிருதுளா வாயைத் திறப்பதற்குள் அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"எட்டி நில்லு. தலையைத் துவட்டிக்கோ. துண்டு ஊறுகாய் ரூம்ல இருக்கு."

ஊறுகாய் அறையிலா? குளிக்காமல் அந்த அறைக் கதவைத் தொட்டதற்கு அவள் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. அங்கே எதற்குத் துண்டு?

கதவைத் தள்ளினாள். உள்ளே டேபிள் ஃபேன் சுழன்றுகொண்டிருந்தது.

மாவடு ஜாடிக்கும் ஆவக்காய் ஜாடிக்கும் நடுவில் தரையில் செய்தித்தாள்கள் விரிந்திருந்தன. மாடியில் அவள் வைத்த அதே வரிசை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதனதன் சீட்டு. காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வொரு சீட்டின் மேலும் ஒரு கொட்டைப்பாக்கு.

ஒரு சீட்டுகூட நனைந்திருக்கவில்லை.

மிருதுளா தரையில் உட்கார்ந்தாள். பையிலிருந்த இரண்டையும் எடுத்து வரிசையின் கடைசியில் வைத்தாள்.

ஸ்வாமிகள் இலையில் அமர்ந்து அமுது செய்து எழுந்தார்கள். மழை விட்டபாடில்லை. அப்பா கொல்லைப்பக்கம் பிண்டத்தை வைத்துவிட்டு, குடையும் கையுமாகக் காக்கையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் வரவில்லை.

"மழை ஆரம்பிச்சப்புறம் உன் தலையில எச்சம் போட்டுதே, அந்தக் காக்கா எங்கேடி போச்சு?" என்று கத்தினார்.

"நன்னாருக்கே. இந்த மழையில எந்தக் காக்கா வெளியில வரும்?" என்றாள் அம்மா, அடுக்களையிலிருந்து.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

அப்பா குடையைச் சாய்த்தார். பிறகு மொட்டை மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, மெதுவான குரலில் மறுபடியும் காக்கையைக் கூப்பிட ஆரம்பித்தார்.