இரைச்சலுக்குள் ஒரு துடிப்பு

பாபநாசம் பிரசவ ஆஸ்பத்திரியில் மெஹருன்னிசா மல்லாந்து படுத்திருக்கிறாள். நேற்றிலிருந்து வயிற்றில் அசைவில்லை. நர்ஸ் எழிலரசி ஜெல்லைத் தடவி, துடிப்புக் கேட்கும் கருவியை மெல்ல நகர்த்துகிறாள். ஜன்னலுக்கு வெளியே நடவு வயலின் தண்ணீர் வெயிலைக் கூரைக்கு எறிகிறது. அங்கே ஒளி நடுங்குகிறது. தலையணையருகே செல்போன் ஸ்பீக்கரில், துபாயிலிருந்து கணவன். கருவியின் இரைச்சலுக்குள்ளிருந்து தொப், தொப் என்று ஒரு சத்தம் எழுகிறது. “அல்ஹம்துலில்லாஹ்! நம்ம புள்ளதானே?” அவன் குரல் உடைகிறது. எழிலரசி சிரிக்கவில்லை. மெஹருன்னிசாவின் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். விரலடியில் நாடி எழும்போதெல்லாம் கருவியும் தொப்பென்கிறது. “இது உங்க துடிப்புதாம்மா,” என்று காதோடு சொல்கிறாள். “பாப்பாவோடது இதைவிட ரொம்ப வேகமா ஓடணும். தேடுவோம், பயப்படாதீங்க.” கருவி நகர்கிறது, மறுபடி வெறும் இரைச்சல். “ஏன் நின்னுடுச்சு?” என்று போன் பதறுகிறது. மெஹருன்னிசா நர்ஸின் கையைப் பற்றி, கருவியைப் பழைய இடத்துக்கே இழுக்கிறாள். “நிக்கல மச்சான், கேளுங்க.” தொப், தொப், தொப். பயத்தில் அது முன்னைவிட வேகமாக அடிக்கிறது. “இப்ப எப்படி ஓடுது பாரு!” துபாயில் அவன் சிரிக்கிறான். “நல்ல சுறுசுறுப்பான புள்ள.”