அறுபத்தொன்றாம் பெட்டி

இருபத்தெட்டு வருடமாக ரோஸ்லின் அந்த நகரத்தின் கடிதங்களை அஞ்சல் வட்டாரம் பார்த்துப் பெட்டிகளில் பிரித்துப் போடுகிறாள். குடியிருக்கும் வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்றதும் தரகர் காதர் பாயிடம் அறுபத்தொன்றாம் வட்டாரத்தில்தான் வேண்டுமென்று நின்றாள்.

“அங்க தண்ணி லாரிதாம்மா. பஸ்ஸும் கெடையாது. அப்படி என்னம்மா இருக்கு அங்க?”

மற்ற வட்டாரங்களிலிருந்து ‘ஆள் இல்லை’ என்றுதான் கடிதங்கள் திரும்பும். அறுபத்தொன்றில் மட்டும் பழைய விலாசத்தை அடித்துவிட்டு, அக்கம்பக்கத்தில் யாராவது புது விலாசம் எழுதியிருப்பார்கள். கோபித்துக்கொண்டு போன மகளுக்கு ரோஸ்லின் புது வீட்டு விலாசத்தை எழுதிப் போட வேண்டும். பதில் எத்தனை வருடம் கழித்து வருமோ, அதற்குள் இவள் எத்தனை வீடு மாறுவாளோ.

காதர் பாய் அங்கே ஒரு மாடிவீட்டின் பூட்டைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டம்மா கரண்டியும் கையுமாக வந்துவிட்டாள்.

“எந்த ஊரு? எங்க வேல? எத்தன பேரு?”

காதர் பாய் நெளிந்தார். “இந்தத் தெருவே இப்படித்தாம்மா. கோச்சுக்காதீங்க.”

ரோஸ்லினுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“இப்போதைக்கு நான் மட்டும்தான்க்கா. பொண்ணு பேரு ஜெனிட்டா. ஞாபகம் வச்சுக்கங்க.”