வயிற்று எச்சில் சுரப்பி

சாயங்காலத்துக்குள் புத்தகம் பதிப்பாளர் மேஜைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும், இனி இந்தப் பக்கமே தலைகாட்ட வேண்டாம் என்று அவர் போனில் கத்திவிட்டார். உடம்புக்குள் நடக்கும் வேதியியலைப் பற்றிய தடித்த ஜெர்மன் புத்தகம். ஆங்கிலத்துக்கு மாற்ற இன்னும் இரண்டு அத்தியாயம் பாக்கி. மொழிபெயர்ப்பாளரோ ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்றே ஒரு மாதத்தை ஓட்டிய மனுஷர்.

இந்த லட்சணத்தில் காலிங் பெல் அடித்தது. வாசலில் ஒரு இன்ஸ்பெக்டர், பின்னால் ஒரு கான்ஸ்டபிள்.

“இந்த வீட்ல யாரோ ரகசிய பாஷையில விஷம் தயாரிக்கக் குறிப்பு எழுதறாங்கன்னு போன் வந்துச்சு. பேசின ஆள் பேர் சொல்லலை.”

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “எல்லாம் எதிர்வீட்டம்மா வேலை! இருபத்துநாலு மணி நேரமும் நம்ம ஜன்னல்லதான் அவளுக்குக் கண்ணு!”

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். சுவர் முழுக்கத் துண்டுச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ரயில் மாதிரி நீளமாக ஒரே ஒரு சொல். சொல்லோடு சொல்லை ஒட்டாவிட்டால் ஜெர்மன்காரர்களுக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது.

“இது என்ன?”

“ஷ்டோஃப்வெக்ஸல் சார். ஷ்டோஃப்னா சரக்கு. வெக்ஸல்னா மாத்துறது.”

“ஓஹோ! சரக்கு கை மாறுதா? எந்த இடத்துல?”

“ஐயோ, வயித்துல சார்! சாப்பிட்டது சத்தா மாறுது. இங்கிலீஷ்ல மெட்டபாலிசம்.”

“சரி, இது?”

“சொல்லுக்குச் சொல் பிரிச்சா, வயித்து எச்சில் சுரப்பி. அதாவது கணையம்.”

கான்ஸ்டபிள் முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

“மடியில கனமில்லாத ஆளு சார் நான்,” என்றார் மொழிபெயர்ப்பாளர். “கம்ப்யூட்டரைத் தூக்கிட்டுப் போங்க. ஒரு வாரம் வச்சிருந்து நல்லா சோதிச்சுப் பாருங்க.”

இன்ஸ்பெக்டர் நெகிழ்ந்துவிட்டார். “உங்களை மாதிரி ஆளை அலைய விடலாமா? இங்கேயே உட்கார்ந்து மொழிபெயர்த்துக் காட்டுங்க. என் மச்சான் டாக்டர்தான். போன்ல படிச்சுக் காட்டி விஷமா இல்லையான்னு கேட்டுடறேன்.”

“எவ்வளவு சார் காட்டணும்?”

“பாக்கி இருக்கறது பூரா.”

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மொழிபெயர்ப்பாளர் கொட்டாவி விட்டால் முறைத்தார். “கால் மரத்துப்போச்சு” என்று எழுந்தால், “கையாலதானே டைப் அடிக்கிறீங்க?” என்று தோளை அழுத்தி உட்கார வைத்தார். கல்லீரல், பித்தம், யூரியா என்று ஒவ்வொன்றாக மச்சானின் காதுக்குப் போனது. பொழுது சாயும் நேரத்தில் கடைசி வரியும் முடிந்தது.

“சுத்தமான புத்தகம். வெறும் பொய்ப் புகார்,” என்று இன்ஸ்பெக்டர் எழுந்தார். “அந்த ஆள் மட்டும் என் கையில கிடைச்சான், தோலை உரிச்சுடுவேன்.”

“அவன் நாசமாப் போக!” என்று மனைவி மனதாரச் சபித்தாள்.

வீங்கிய விரல்களை ஊதிக்கொண்டிருந்த மொழிபெயர்ப்பாளர், காலையில் கடைத்தெருப் போனில் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசியபோது, ‘முதலில் கம்ப்யூட்டரைப் பறிமுதல் செய்யுங்கள்’ என்று சொல்ல மறந்ததற்காகத் தம்மைத் தாமே நொந்துகொண்டார்.