கணக்கு இல்லாத பிரிவு

பிளஸ் ஒன் விண்ணப்பத்தில் அனுசியா கணிதம் இல்லாத பிரிவைக் குறித்திருந்ததைப் பார்த்ததும் அம்மா முத்துலட்சுமிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

“அருப்புக்கோட்டைக் காலேஜில பிசிக்ஸ்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நின்னவ நீதான? கணக்கு இல்லாம யாருடி சீட்டுத் தருவாக?”

“கணக்கு சாருகிட்ட இன்னும் ரெண்டு வருசம் என்னால முடியாதும்மா. சந்தேகம் கேட்டா, மண்டையில களிமண்ணான்னு எல்லார் முன்னாடியும் திட்டுவாக.”

“இத ஏன்டி இத்தன நாளாச் சொல்லல? இப்பவே கேக்கேன் பாரு!”

விடுவிடுவென்று உள்ளறைக்குப் போன முத்துலட்சுமி, கணவரின் கையிலிருந்த பேப்பரைப் பிடுங்கினாள்.

“ஏங்க, பெத்த பிள்ளையவா இப்படித் திட்டுறது?”

கணக்கு ஆசிரியர் சுந்தரபாண்டி விழித்தார்.

“சொந்தப் பிள்ளைக்குச் சலுகைன்னு யாரும் சொல்லிறக் கூடாதேன்னுதான்...” என்று இழுத்தவர், வாசலில் நின்ற மகளைப் பார்த்ததும் தலைகுனிந்தார்.

“என்ன சந்தேகம் தாயி? இப்பக் கேளு.”