பக்கத்து வீட்டுத் தம்பி

எண்ணெயும் பருப்பும் எட்டாத விலைக்கு ஏறிய வருஷம் அது. நிதி போதவில்லையென்று, சம்பாதிக்கிற வயதில் மகன் இருக்கும் விதவைகளின் உதவித்தொகையை நிறுத்திக்கொண்டு வந்தார்கள். விசாரிக்க அதிகாரி சவரியம்மாளின் வீட்டுக்குள் நுழைந்தபோது, வேலை போன அருளப்பன் அம்மாவின் சோற்றில் கைவைத்திருந்தான்.

“இது யாரும்மா?”

“பக்கத்து வீட்டுத் தம்பி சார். பசின்னு வந்துச்சு,” என்றாள் சவரியம்மாள்.

“ஒம் மகன்?”

“அவன் போய்ச் சேந்து வருஷமாச்சு சார்.”

அருளப்பன் தலைகுனிந்து மென்றான். போகும்போது அதிகாரி அவன் தோளைத் தட்டினார்.

“தனக்கே இல்லாத காலத்துல ஊரான் பிள்ளைக்குச் சோறு போடுது பாரு. நீயாவது இந்தம்மாவைக் கவனிச்சுக்கப்பா.”

“சரிங்க சார்.”

ஒரு பருக்கை விடாமல் தின்றுமுடித்தவன், வாழ்நாளில் முதன்முறையாகத் தன் எச்சில் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்தான். அம்மா தடுக்கவில்லை.